மாஸ்க் மாட்டிய முதல் முப்பது ராத்திரி!

நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போயிருக்கிறீர்களா? ஜங்ஷனில் வண்டி கிளம்பி, மணியாச்சி தாண்டுவதற்குள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த இட்லிப் பொட்டலம் காலியாகிவிடும். கோவில்பட்டிக்கு அப்புறம் ஒவ்வொருவராக விளக்கை அணைப்பார்கள். அதன்பின் ஆரம்பிக்கும் பாருங்கள் ஒரு கச்சேரி! கீழ் பெர்த்தில் ஒருவர் குறட்டை விடுவார். எதிர் பெர்த்துக்காரர் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "இவரு மட்டும் நிம்மதியா ஒறங்குதாரு" என்று பொருமுவார்.

நிம்மதியாகவா? அங்கேதான் தப்பு. அந்தக் குறட்டையைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். திடீரென்று நிற்கும். 10 நொடி, 20 நொடி சத்தமே இருக்காது. அப்புறம் ஆற்றில் முங்கியவர் தலையை வெளியே தூக்கியதுபோல ஒரு பெரிய செருமல். மறுபடியும் குறட்டை. நடுவில் அமைதியாக இருந்தாரே, அப்போது அவருக்கு மூச்சே நின்றிருக்கிறது! எதிர் பெர்த்துக்காரருக்கு ஒரு ராத்திரிதான் உறக்கம் கெட்டது. இவருக்கோ வருஷக்கணக்காகக் கெட்டுக்கொண்டிருக்கிறது. அது அவருக்கே தெரியாது.

இந்த நோய்க்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். இதற்கு நல்ல மருந்தாக ஒரு மெஷின் இருக்கிறது. சி-பாப் என்பார்கள். பத்தாயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கி, நாலே நாளில் பரணில் ஏற்றிவிட்ட வீடுகள் நிறைய. உங்கள் வீடும் அதில் ஒன்றாக இருக்கலாம். இந்தப் பாடம் உங்களுக்காகத்தான்.

பரணுக்குப் போன மெஷின்

பாளையங்கோட்டையில் ஒரு வீடு. பெயர் வேண்டாம். 'அண்ணாச்சி' என்றே வைத்துக்கொள்வோம். வயது 54. பருத்த கழுத்து, பெரிய மீசை, தினம் இரண்டு பிரஷர் மாத்திரை. ஆபீஸில் மத்தியானம் பைலைப் பிரித்து வைத்தபடியே உறங்குவார். ஒருநாள் வண்ணார்பேட்டையில் சிக்னலுக்காக ஸ்கூட்டரை நிறுத்தியவர், அப்படியே கண்ணசந்துவிட்டார். பின்னால் நின்ற பஸ்ஸின் ஹாரன்தான் எழுப்பியது.

மதினிதான் விடாப்பிடியாக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். "அவிய ஒறங்கையில மூச்சு நின்னுரும் டாக்டர். நான் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே கெடப்பேன். முப்பது வரைக்கும் போவும். எனக்கு ஈரக்கொலையே நடுங்கும்" என்றார். ஒரு ராத்திரி முழுக்க ஸ்லீப் ஸ்டடி எடுத்துப் பார்த்தார்கள். மணிக்கு 42 தடவை மூச்சு தடைப்பட்டிருந்தது!

மெஷின் வந்தது. முதல் ராத்திரி, "ஏளா, கோயில் ஆனை தும்பிக்கை மாதிரி இதை மாட்டிக்கிட்டு எப்படி ஒறங்க?" என்றார். இரண்டாம் ராத்திரி மீசைப் பக்கம் காற்று 'புஸ்'ஸென்று கண்ணில் அடித்தது. மூன்றாம் ராத்திரி வாய் காய்ந்து தொண்டை எரிந்தது. நான்காம் நாள் ஒரு தகவல் வந்தது: ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். "சம்பந்தம் பேச வாரவிய கண்ணுல இது பட்டா, பொண்ணோட அப்பாவுக்கு ஆக்ஸிஜன் வைக்கிற சீக்குன்னு நெனச்சிருவாவ" என்று சொல்லி, மெஷினைப் பையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். வந்தவர்கள் போய்விட்டார்கள். மெஷின் மட்டும் இறங்கவில்லை.

அண்ணாச்சி செய்ததில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. முகத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டு உறங்கு என்றால் யாருக்கும் கஷ்டம்தான். ஆனால் அவருக்கு வந்த தொல்லைகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். காற்றுக் கசிவு, வாய் காய்தல், கூச்சம். இதில் தீர்க்க முடியாதது எது? ஒன்றுகூட இல்லை! மெஷினைக் கைவிடுகிறவர்களில் பலரும் இந்த மாதிரிச் சின்னத் தொல்லைகளால்தான் கைவிடுகிறார்கள். முதல் ஒரு மாதம் தாக்குப்பிடித்தவர்களுக்கு அது மூக்குக்கண்ணாடி மாதிரி பழகிப்போகிறது.

தொண்டையில் நடப்பது என்ன?

நாம் விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் விறைப்பாக நின்று மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கும். உறங்கியதும் அவை தளர்ந்துவிடும். சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்குப் பகுதியும் பின்னால் சரிந்து பாதையை அடைத்துவிடும். மார்பு மூச்சை இழுக்கும், காற்று போகாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் ஒரு உலுக்கு உலுக்கி எழுப்பும். அதுதான் அந்தச் செருமல். முழு விழிப்பு வராததால் காலையில் ஒன்றும் நினைவிருக்காது.

மூச்சு 10 நொடியோ அதற்கு மேலோ நின்றாலோ, நன்றாகக் குறைந்தாலோ அதை ஒரு தடவை என்று கணக்கு வைப்பார்கள். மணிக்கு 5 முதல் 14 வரை என்றால் லேசானது. 15 முதல் 29 வரை நடுத்தரம். 30-ம் அதற்கு மேலும் கடுமையானது. அண்ணாச்சிக்கு 42 என்றால், ஏறக்குறைய ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு தடவை!

காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், மறதி, எரிச்சல், மாத்திரைக்கு அடங்காத பிரஷர், ராத்திரி அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது எல்லாம் இதன் அடையாளங்கள். குண்டானவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். தாடை சின்னதாக, உள்வாங்கி இருக்கிற ஒல்லியானவர்களுக்கும் வரும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் வரும். 'பொம்பளை குறட்டை விடுதா'ன்னு வீட்டில் கேலி செய்வார்களே என்று மறைத்துக்கொண்டே இருக்கும் தாய்மார்கள் எத்தனை பேர்!

இது அபூர்வ நோயும் அல்ல. 30 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் உலகம் முழுக்க சுமார் 93 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று 2019-ல் 'லான்செட்' குழும மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. 'டிஸ்கோ டான்ஸர்' படத்துக்கு இசையமைத்த பப்பி லஹிரி, 2022 பிப்ரவரியில் மும்பையில் தம் 69-வது வயதில் காலமானார். அவர் மரணத்துக்கு மருத்துவமனை சொன்ன காரணமும் இந்த ஸ்லீப் ஆப்னியாதான். குறட்டை சிரிப்புக்குரிய விஷயமில்லை என்று அன்றைக்குப் பலருக்கு உறைத்தது.

இது ஆக்ஸிஜன் இல்லை!

முதலில் இந்தப் பயத்தை விடுங்கள். சி-பாப் மெஷினில் சிலிண்டர் கிடையாது. உங்கள் படுக்கை அறைக் காற்றையே உள்ளே இழுத்து, வடிகட்டி, கொஞ்சம் அழுத்தத்தோடு குழாய் வழியே மூக்குக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான். சைக்கிள் டியூப்பில் காற்றடித்தால் சப்பையாகக் கிடந்தது விரிந்து நிற்கிறதல்லவா? அதேபோல இந்தக் காற்று தொண்டைப் பாதையைச் சரியாமல் விரித்து வைக்கிறது. மூச்சு விடுவது நீங்கள்தான், மெஷின் இல்லை.

இதைக் கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. முன்பெல்லாம் கடுமையான ஆப்னியாவுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வைத்தியம். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன், 1980-ல் ஒரு நோயாளிக்கு அதற்குப் பதிலாக வேறொன்றைச் செய்து பார்த்தார். வாக்குவம் கிளீனர் மோட்டார் ஒன்றை வைத்துக் காற்றை ஊத வைத்து, மூக்கில் பொருத்திய மாஸ்க் வழியே செலுத்தினார். மூச்சு நிற்பது நின்றது! மனிதர் அமைதியாக உறங்கினார். 1981-ல் ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு 'லான்செட்' இதழில் எழுதினார். அன்றைய இரைச்சல் மோட்டார்தான் இன்றைக்கு டிபன் பாக்ஸ் அளவுக்குச் சுருங்கி, முணுமுணுப்பு மட்டும் கேட்கிற மெஷினாகியிருக்கிறது.

ராத்திரி முழுக்க வேண்டுமா?

வேண்டும். 'நாலு மணி நேரம் போட்டா போதும்னாங்க' என்பார்கள் சிலர். நாலு மணி நேரம் என்பது, மெஷினை ஓரளவு பயன்படுத்துகிறாரா என்று பார்க்க வைத்த குறைந்தபட்சக் கோடு. பரீட்சையில் 35 மார்க் மாதிரி. பாஸ் மார்க் வாங்கினால் போதும் என்று நம் பிள்ளைகளை விட்டுவிடுவோமா?

இன்னொரு காரணமும் உண்டு. கனவு வருகிற உறக்கம் பெரும்பாலும் விடியற்காலையை ஒட்டித்தான் அதிகம். அந்த உறக்கத்தில் தசைகள் மிகவும் தளர்ந்திருப்பதால் பலருக்கும் மூச்சு அப்போதுதான் அதிகம் நிற்கும். ராத்திரி 3 மணிக்கு மாஸ்க்கைக் கழற்றி வைக்கிறவர், குடையை நல்ல மழையில் மடக்குகிறவர் மாதிரி!

2016-ல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேரைப் பல நாடுகளில் சேர்த்து, மெஷின் கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்தார்கள். மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் வருவதை மெஷின் குறைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன, மனநிலை தேறியது. அதில் அவர்கள் மெஷினை மாட்டிய நேரம் எவ்வளவு தெரியுமா? சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான். ஆகவே மெஷின் வந்துவிட்டது என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். 'ரெண்டு மணி நேரம் போட்டேனே, ஒண்ணும் தெரியலியே' என்றும் சொல்லாதீர்கள்.

முதல் வாரம்: பகலில் ஒத்திகை

ராத்திரி படுக்கும்போதுதான் மாஸ்க்கை முதன்முதலாக முகத்தில் வைப்பேன் என்றால் பயமாகத்தான் இருக்கும். கூடவே பகலிலும் பழகுங்கள்.

முதல் நாள், மெஷின் இல்லாமல் மாஸ்க்கை மட்டும் கையில் பிடித்து முகத்தில் வையுங்கள். ஐந்து நிமிஷம் போதும். பிறகு பட்டையை மாட்டி, டி.வி. பார்த்தபடி 15 நிமிஷம் இருங்கள். கழற்றுகிற கிளிப் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே பழகுங்கள். 'எப்ப வேணும்னாலும் ஒரு நொடியில கழத்திரலாம்' என்று கைக்குத் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

அடுத்து, குழாயை மாட்டி மெஷினைப் போடுங்கள். வாயை மூடி, மூக்கால் நிதானமாக மூச்சு விடுங்கள். காற்றோடு சண்டை போடாதீர்கள். தாமிரபரணியில் குளித்தவர்களுக்குச் சொல்லவேண்டாம்: இழுப்பில் எதிர்த்து நிற்கிறவன்தான் தடுமாறுவான், உடம்பைத் தளர்த்தினவன் மிதப்பான். அரை மணி நேரம் சீரியல் பார்த்தபடி இப்படி இருந்துவிட்டால், பிறகு மத்தியானம் கொஞ்சம் படுத்துப் பாருங்கள். குட்டித்தூக்கம் போடும்போதும் மெஷின் வேண்டும்.

பெரும்பாலான மெஷினில் 'ராம்ப்' என்று ஒரு வசதி உண்டு. ஆரம்பத்தில் காற்று மெதுவாக வரும். நீங்கள் உறங்க உறங்கக் கூடும். அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆனால் காற்றின் அழுத்தத்தை நீங்களே மாற்றாதீர்கள். அது உங்கள் தொண்டைக்கென்று டாக்டர் அளந்து வைத்தது. மாத்திரை அளவு மாதிரி.

நடு ராத்திரி முழிப்பு வந்து மாஸ்க் கழன்று கிடக்கிறதா? தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு படுங்கள். தலைமாட்டில் ஒரு நோட்டு வையுங்கள். எத்தனை மணி நேரம் மாட்டினேன், என்ன தொல்லை, காலையில் எப்படி இருந்தது என்று தினம் ஒரு வரி. மெஷினும் தன் கணக்கை எழுதிக்கொண்டுதான் இருக்கும். எத்தனை மணி நேரம், எவ்வளவு கசிவு, மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டது என்று அதுவே காட்டும். டாக்டரிடம் போகும்போது இரண்டையும் கொண்டுபோங்கள்.

தொல்லைகளும் வழிகளும்

காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறதா? உடனே பட்டையை இறுக்காதீர்கள். இறுக்க இறுக்கக் கசிவு அதிகமாகும். மூக்குத் தண்டில் புண்ணும் வரும். மெஷின் ஓடும்போது, படுத்த நிலையில், மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி மறுபடி உட்கார வையுங்கள். படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றும், தலைக்குத் தேங்காயெண்ணெய் வழிய வைத்த அன்றும் மாஸ்க் வழுக்கும். எண்ணெய் பட்டால் அதன் சிலிகான் விளிம்பும் சீக்கிரம் கெடும்.

மீசை, தாடி இடைஞ்சலா? மீசையை எடுக்கவேண்டாம்! மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்கார்கிற சின்ன மாஸ்க் இருக்கிறது. மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது, இப்படித் துவாரத்தில் வைப்பது என்று மூன்று தினுசு. வாங்கும்போதே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். சேராவிட்டால் மாற்றித் தருவார்களா, ஒரு மாதம் வாடகைக்குத் தருவார்களா என்றும் கேளுங்கள்.

வாய் காய்கிறதா? உறக்கத்தில் வாய் திறந்து காற்று வெளியே போகிறது. மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதைச் சரி செய்யவேண்டும். உப்புநீர்ச் சொட்டு மருந்து உதவும். தீராவிட்டால் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். மெஷினோடு வரும் ஹியூமிடிஃபையர் தொட்டியில் தண்ணீர் வைத்தால் காற்று ஈரமாக வரும். அதற்கும் அடங்காவிட்டால் தாடைப் பட்டையோ, வாயையும் மூடுகிற மாஸ்க்கோ தேவைப்படலாம்.

குழாயில் தண்ணீர் 'களக் களக்' என்கிறதா? குற்றால சீசன் குளிரிலும், ஏ.சி. அறையிலும் ஈரக்காற்று குழாய்க்குள் குளிர்ந்து தண்ணீராகிவிடும். ஈர அளவைக் கொஞ்சம் குறையுங்கள். குழாய்க்குத் துணி உறை போடுங்கள். மெஷின் எப்போதும் தலைமட்டத்துக்குக் கீழே, ஆனால் தரைத்தூசி படாமல் ஒரு ஸ்டூலில் இருக்கட்டும்.

வயிறு உப்புகிறதா? சிலர் காற்றை விழுங்கிவிடுவார்கள். ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடியுங்கள். தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அழுத்தத்தை மாற்றியமைப்பார்.

மாஸ்க்கில் ஓட்டை இருக்கிறதே? இருக்கத்தான் வேண்டும். நீங்கள் வெளியே விடும் மூச்சு அதன் வழியாகத்தான் போகிறது. 'லீக் ஆவுது' என்று அதில் பிளாஸ்திரி ஒட்டிவிடாதீர்கள். ஆபத்து!

தாமிரபரணித் தண்ணீரும் வேண்டாம்

நம் ஊர்த் தண்ணீரின் ருசிக்கு அல்வாவே சாட்சி என்போம். ஆனாலும் மெஷின் தொட்டிக்கு அது வேண்டாம். குழாய்த் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் உள்ள உப்புகள் தொட்டியில் காரையாகப் படியும். மருந்துக்கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்குங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை இதற்கு எடுக்காதீர்கள். அவசரத்துக்கு ஓரிரு நாள் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் பரவாயில்லை. மீதித் தண்ணீரைக் காலையில் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கழுவிக் காய வையுங்கள். பழைய தண்ணீரிலேயே புதிது சேர்க்கக்கூடாது.

மாஸ்க்கில் முகம் படுகிற பாகத்தைத் தினமும், குழாயை வாரம் ஒரு முறையும், குழந்தைக்குப் போடுகிற மாதிரி மென்மையான சோப்பால் கழுவி நிழலில் உலர்த்துங்கள். டெட்டால், பிளீச்சிங், ஸ்பிரிட் வேண்டாம். 'தானே சுத்தம் செய்யும் ஓசோன் பெட்டி' என்று விளம்பரம் வந்தால் ஏமாறாதீர்கள். அவற்றுக்கு அங்கீகாரம் இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-ல் எச்சரித்திருக்கிறது.

மெஷின் அறைக்காற்றைத்தான் இழுக்கிறது என்பதை மறக்காதீர்கள். பக்கத்தில் கொசுவர்த்திச் சுருளோ, சாம்பிராணியோ, ஊதுபத்தியோ வைத்தால் அந்தப் புகை நேரே நுரையீரலுக்குத்தான் போகும். கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள், குழாயை வலைக்கு அடியில் விட்டுக்கொள்ளலாம். பில்டர் கறுத்துப்போனால் மாற்றுங்கள்.

யாரோ விட்டுப்போன பழைய மெஷின் மலிவாக வருகிறது என்று வாங்காதீர்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளிருக்கும் சத்தம் குறைக்கும் பஞ்சு சிதையக்கூடும் என்பதால் லட்சக்கணக்கான மெஷின்களை உலகமெங்கும் திரும்ப அழைத்தது. பழைய மெஷினின் மாடல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

கரண்ட் போனால்?

2023 டிசம்பர் 17, 18-ஐ நம் ஜில்லா மறக்குமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். பல இடங்களில் கரண்ட் வர நாட்கள் ஆயின. இன்வெர்ட்டர் எத்தனை ராத்திரிக்குத் தாங்கும்?

முதலில் ஒன்று: கரண்ட் போனால் மாஸ்க்குக்குள் மூச்சு முட்டிச் செத்துப்போவோம் என்று பயப்படவேண்டாம். மாஸ்க்கில் காற்றுப் போக்கு உண்டு; உங்களுக்கும் முழிப்பு வந்துவிடும். மாஸ்க்கைக் கழற்றிவிட்டால் போதும். கரண்ட் கஷ்டம் என்றால் ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டு மெஷினை மட்டும் ஓட்டுங்கள். தண்ணீரைச் சூடாக்கும் அந்தப் பகுதிதான் அதிகக் கரண்ட் இழுக்கும். உங்கள் இன்வெர்ட்டருக்கு இந்த மெஷின் ஒத்துவருமா, தனி பேட்டரி உண்டா என்று விற்றவரிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒரு ராத்திரி சோதித்தும் பாருங்கள். ரயிலில் மொபைல் சார்ஜ் செய்கிற பிளக்கை நம்பவேண்டாம்.

மெஷின் ஓட வழியே இல்லாத ராத்திரியில் ஒருக்களித்துப் படுங்கள். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. இரண்டும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். மறுநாள் நாகர்கோவில் ரோட்டிலோ மதுரை ரோட்டிலோ காரை நீங்கள் ஓட்டவேண்டாம்.

எப்போது டாக்டரிடம் போகவேண்டும்?

ஒழுங்காக மெஷின் போட்டும் பகல் தூக்கம் குறையவில்லை, மெஷினே மணிக்கு 5 தடவைக்கு மேல் என்று தினம் காட்டுகிறது, மூக்கில் ரத்தம், முகத்தில் ஆறாத புண் என்றால் தள்ளிப்போடாதீர்கள். மாஸ்க்கைத் தானே கழற்ற முடியாதவர்கள், வாந்தி வருகிறவர்கள் வாயை மூடும் மாஸ்க்கை டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், எனக்கு ஆப்னியா உண்டு என்று மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்லி, மெஷினையும் கூடக் கொண்டுபோங்கள். எடை நன்றாகக் குறைந்தால் நோயும் குறையலாம். ஆனால் மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுக்காமல் நீங்களாக மெஷினை நிறுத்தாதீர்கள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காது-மூக்கு-தொண்டைப் பிரிவிலோ நெஞ்சக நோய்ப் பிரிவிலோ முதலில் காட்டிக் கேட்கலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை

மாஸ்க் மாட்டினவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். 'நேத்து ராத்திரி கழத்திட்டீங்களே' என்று காலையில் காபியோடு சண்டையும் கொடுக்காதீர்கள். 'நேத்து நாலரை மணி நேரம் போட்டிருக்கீங்க, நானும் நல்லா ஒறங்குனேன்' என்று சொல்லிப் பாருங்கள். அது செய்யும் வேலை வேறு!

நம் அண்ணாச்சி கதை என்னாச்சு என்கிறீர்களா? இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம் போனபோது பிரஷர் இறங்கவே இல்லை. மெஷினைக் கொண்டுவரச் சொல்லிக் கணக்கைப் பார்த்தார்கள். மொத்தம் 7 மணி நேரம்! நாலு ராத்திரிக்கும் சேர்த்து! டாக்டர் திட்டவில்லை. "என்ன கஷ்டம் வந்துச்சு, ஒவ்வொண்ணாச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். மூக்குத் துவார மாஸ்க் வந்தது, மீசை தப்பியது. மூக்கடைப்புக்கு மருந்து. தினம் ராத்திரி செய்தி பார்க்கும்போது ஒத்திகை. முதல் வாரம் 3 மணி நேரம், இரண்டாம் வாரம் 4, ஒரு மாத முடிவில் ஆறரை. 42 தடவை என்றிருந்தது 3 ஆகியிருந்தது.

போன தடவை போலவே பெண் பார்க்க வேறொரு இடத்திலிருந்து வந்தார்கள். மெஷின் கட்டில் பக்கத்து ஸ்டூலிலேயே இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா கவனித்துவிட்டு, "இது என்ன அண்ணாச்சி?" என்றார். அண்ணாச்சி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த டாக்டர் எங்க இருக்காரு? எனக்கும் ராத்திரி மூச்சு நிக்குதுன்னு வீட்ல சொல்லுதாவ" என்றாராம்.

உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது பை இருக்கிறதா? இன்று சாயங்காலம் இறக்கித் தூசி தட்டுங்கள். டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள். முப்பது ராத்திரி ஓடியே போய்விடும். அதற்கப்புறம் பக்கத்தில் படுத்திருப்பவர் இருட்டில் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணவேண்டியிருக்காது.